மதிக்கு ஒரு 'த்' கூடுதல்

ஊரெல்லாம் டயட்டீஷியன் என்றால் இளைக்கச் சொல்பவள். புற்றுநோய்ப் புறநோயாளிப் பிரிவில் மட்டும் பருக்கச் சொல்பவள். வீட்டில் நோயாளிக்கு ஒரு வாய் கூடுதலாக ஊட்டப் பார்த்துத் தோற்ற அன்பர்களே, உங்களுக்குப் புரியும்.

என்ன பிடிக்கும்?

மதுரையிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு நான் பயிற்சிக்கு வந்த முதல் வாரம். சுக்கு கோடவுனில் மூட்டை தூக்கும் அந்தோணி சேட்டன், மனைவி ரோசி சேச்சியோடு வந்தார். எடை நாற்பத்தெட்டு. இன்னும் ஒரு கிலோ குறைந்தால் அடுத்த ஊசி தள்ளிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலையில் இட்லி பிடிக்குமா என்றேன். "மதி" என்றார். மதியம் முட்டை? மதி. ராத்திரி கஞ்சி? மதி. பாவம், மனுஷனுக்கு மீன் மேல் இவ்வளவு ஆசையா என்று உருகிப்போய், மூன்று வேளைக்கும் மத்தி மீன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சேச்சி சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காலைச் சாயாவுக்குமா, மோளே?"

ஒன்றரைக் கிலோ

அடுத்த வாரம் எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. கேப்பையில் நெய் வடியுதுன்னா கேட்கிறவளுக்கு மதி வேண்டாமா? எனக்கு இல்லை, பூரித்துப் போனேன். சிஸ்டர்தான் சந்தேகப்பட்டு அவர் இடுப்பு முண்டு மடிப்பைத் தட்டினார். கோடவுனின் ஒரு கிலோ எடைக்கல் ஒன்று, அரைக் கிலோ சுக்குப் பொட்டலம் ஒன்று.

எனக்குக் கோபமான கோபம். மருந்து அளவே எடையைப் பார்த்துத்தான் என்று கத்திவிட்டேன். கல்லில்லாமல் ஏற்றினால் அதே நாற்பத்தெட்டு. குறையவில்லை, நல்லவேளை. அவர் தலை குனிந்தபடி சொன்னார்:

"ஊசி தள்ளிப்போனா ரோசி அழுவா, மோளே."



யார் எழுதினது?

அன்றே என் சீட்டு எனக்குப் பயிற்சி தரும் மேடம் கண்ணில் பட்டது. மலையாளத்தில் 'மதி' என்றால் 'போதும்' என்றார். மனுஷன் எதுவுமே வேண்டாம் என்றிருக்கிறார்! போதாததற்கு, கொச்சியில் அந்த மீனுக்குப் பேர் சாளையாம். ஃபோன் செய்தால், சேச்சி தினம் காலை தோப்பும்படி மீன் துறைமுகத்துக்குப் போய் அதை வாங்குகிறாராம். ஃபோனில் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மறு வாரம் சேட்டன் முண்டை உதறிக் காட்டிவிட்டு எடை மேடையில் ஏறினார். நாற்பத்தெட்டு எழுநூறு. சிஸ்டர் இரண்டாவது தரமும் ஏற்றிப் பார்த்தார். அதேதான். ஊசி உண்டு என்று டாக்டர் சொன்னதும் சேச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அழாத குறையாக என் தப்பைச் சொல்லி, சீட்டை மாற்றித் தருகிறேன் என்றேன். சேட்டன் சீட்டைத் தரவில்லை.

"முதல் நாள் உன்னைத் திட்டிட்டே தின்னேன். நாலாம் நாள் திட்ட மறந்துபோச்சு. மாத்தாதே."

நாலு வருஷப் படிப்பால் ஏற்ற முடியாத எடையை ஒரு 'த்' ஏற்றிவிட்டது.