யாக்கோபு மேல் அக்காவுக்கு வந்த கோபம்

ஆவடி குவார்ட்டர்ஸில் அக்கா, நான், தங்கை என்று நாங்கள் மூன்று பெண்கள். அப்பாவுக்குத் தங்கை என்றால் உயிர். ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் இருவருக்கும் சாதாரண கவுன் எடுத்தவர், அவளுக்கு மட்டும் ஜரிகை வைத்த பட்டுப் பாவாடை வாங்கி வந்தார்.

அன்றைய குடும்ப ஜெபத்தில் யோசேப்பின் கதை வந்தது. யாக்கோபு தன் பிள்ளைகளில் யோசேப்பை மட்டும் அதிகமாக நேசித்து, அவனுக்குப் பலவருண அங்கி செய்துகொடுத்தார். பொறாமையில் அண்ணன்கள் அவனைக் குழியில் போட்டார்கள். வாசித்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று நிறுத்தினாள்.

"அண்ணனுங்க பண்ணது தப்புதான். ஆனா அந்த அப்பாவ யாருமே இன்னான்னு கேக்கலியா?"

"ஏட்டி, வேதம் வாசிக்கையில என்ன கேள்வி?" என்றார் நெல்லைக்காரரான அப்பா.

"கேட்டுட்டாள்ல, பதில் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அப்பா அவசரமாக ஆமென் சொல்லி எழுந்துவிட்டார்.

மறுநாள் வாங்கியதையெல்லாம் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூவருக்கும் ஒரே பூப்போட்ட துணியில் கவுன் தைக்கக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் காலையில் தங்கை, "எனக்கு வேற மாதிரிதான் வேணும்" என்று தெருவே எட்டிப்பார்க்கும்படி அழுதாள். அப்பாவுக்குத் தாங்கவில்லை. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்கு நடந்தார்.

அக்கா ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் இன்னொரு கையில் வேதாகமம் இருந்தது. நான் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்தேன். அக்கா என்னை முறைத்தாள்.