நீர் இறங்காத கோடு

ஜாகிர் கல் அறுக்கும் கொட்டகைக்குள் பகலிலும் பனி இறங்கியது போலிருக்கும். புதுச்சேரி கதிர்காமத்து வெயில் தகரத்தின் ஓட்டைகள் வழியே நுழைந்து, அந்த வெண்மையில் கம்பி கம்பியாக நிற்கும். சமையல் மேடைக்கான கறுப்புக் கிரானைட் அறுபட அறுபட அவருடைய புருவம், காது மடல், சட்டைப் பை எல்லாம் வெளுத்துவிடும். அழகாகத்தான் இருந்தது, கூட்டாளி கொளஞ்சி ஒருநாள் படியேற முடியாமல் பாதியில் உட்காரும் வரைக்கும்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில், கொளஞ்சியின் நெஞ்சுக்குள்ளும் அதே பனி. கல்தூசி, நுரையீரலில் கெட்டுப்போன இடம் இனி சரியாகாது என்றார் டாக்டர். ஜாகிருக்கும் படம் எடுத்தார்கள்.

"உங்களுக்கு இன்னும் ஒண்ணும் இல்ல. ஆனா காஞ்ச கல்ல அறுக்கறத இப்பவே நிறுத்தணும். தண்ணி விட்டு அறுங்க. கைக்குட்டை கட்டினா போதாது, நல்ல மாஸ்க் போடுங்க."

மெஷினில் தண்ணீர்க் குழாய் இருக்கத்தான் செய்தது. இருவரும் அதைத் திறந்ததில்லை. ஈரம் பட்டால் பென்சில் கோடு கரையும். கோடு கரைந்தால் கல் கோணலாகும். சாக்பீஸ், ஸ்கெட்ச் பேனா எதுவும் தண்ணீரில் நிற்கவில்லை.

"தொழில விட்டுடட்டுமா ரமீ?" என்றார் வீட்டில்.

அந்தி மஃரிப் தொழுகைக்கு ஒளு செய்ய, கைகால் கழுவ எழுந்த மனைவி ரமீஜா, இன்னும் நனையாத தன் விரல் நகங்களைப் பார்த்தாள். பிறகு பீரோவிலிருந்து, கல்யாண வீட்டில் யாரோ கொடுத்த நெயில் பாலிஷை எடுத்து நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"இத பூசினா நகத்துல தண்ணி எறங்காது, ஒளு சேராதுன்னுதான நான் தொடறதே இல்ல? கல்லுல இதால கோடு போட்டா மட்டும் எறங்கிடுமா?"

மறுநாள் கறுப்புக் கல்லின்மேல் சிவப்பாக ஒரு கோடு. ஆட்டோவில் வந்து இறங்கிய கொளஞ்சி வாசலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னா பாய், கல்லுக்குப் பொண்ணு அலங்காரமா? மருதாணியும் வெச்சுடு."

"காயட்டும், சும்மா இருண்ணே."

ஜாகிர் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தார். பிளேடு இரைந்தது. தண்ணீர் கோட்டின்மேல் ஏறி வழிந்தது. கோடு அங்கேயே இருந்தது. பிளேடு அதைப் பிடித்துக்கொண்டே மெல்லப் போனது, ஆற்றில் படகு போவதுபோல. பனி எழவில்லை. கல் முதன்முறையாகத் தன் நிறத்திலேயே அறுபட்டது.

மெஷின் நின்றதும் கொளஞ்சி ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அந்தச் சேத்த காயறதுக்குள்ள கழுவித் தள்ளிடு. காஞ்சா மறுபடியும் பறக்கும்."

"சரிண்ணே."

"பாய்..."

"இன்னா?"

"உன் புருவம் கறுப்பாவா இருக்குது? இத்தன நாளும் உன்னைக் கெழவன்னே நெனச்சிட்டேன்."