இடது இறக்கையில் பதினொரு புள்ளிகள்

அந்தப் பதினொரு புள்ளிகளையும் போட்டது ஒரு கோழி. விமானப்படை அல்ல.

ஒன்றரை வருடமாக இதை நான் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா? ஒரு நல்ல மனிதரின் ஞாபகத்திலேயே கை வைத்துவிட்டேன்... நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள், முழுவதையும் கேளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவும் அம்மாவும் புதுச்சத்திரம் பக்கம் ஒருவருடைய கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார்கள். பண்ணைக்குள்ளேயே வீடு. நான் பி.இ. முடித்து, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வரைபடம் போடுகிறேன். சம்பளத்தில் எனக்கென்று முதலில் வாங்கியது ஓர் ஏர்பிரஷ். பேனா அளவில் வண்ணம் தெளிக்கும் ஒரு துப்பாக்கி, அதற்குக் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர். ஞாயிறுதோறும் பிளாஸ்டிக் விமான மாதிரிகளை ஒட்டி, வண்ணம் தெளிப்பேன்.

சேலத்தில் மாதிரிகள் கண்காட்சி. அதற்காக ஒரு பழைய போர்விமானம் செய்தேன். சாம்பலும் பச்சையும் கலந்த மறைப்பு வண்ணம். முதலில் முழுக்கச் சாம்பல் அடிக்க வேண்டும். சாம்பலாகவே இருக்க வேண்டிய இடங்களை மூடிவிட்டு, மேலே பச்சையைத் தெளிக்க வேண்டும். மூடுவதற்கென்றே ஒரு களிமண் விற்கிறார்கள். நான் சப்பாத்தி மாவு வைத்தேன். அவ்வளவு அறிவு!

மாவை அப்பி வாசலில் வைத்துவிட்டுப் பச்சை கலக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது இடது இறக்கை மாவில் சின்னச் சின்னக் குழிகள். காய்ந்து வெடித்திருக்கும் என்று நினைத்தேன். கூண்டிலிருந்து தப்பிய வெள்ளைக்கோழி ஒன்று பக்கத்திலேயே நின்று அலகைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பொறியியல் படித்தவள்!

பச்சை அடித்து, காயவிட்டு, மாவை உரித்தேன். சாம்பல் பட்டையின் நடுவே பதினொரு பச்சைப் புள்ளிகள்...

மறுநாள் கண்காட்சி. திருத்த நேரமில்லை. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"கோழி கொத்திப்போட்டுதுன்னு சொல்லிப்போடு சாமி. அதுல என்ன கொறஞ்சு போயிருவ?"

குறைந்துதான் போவேன். கல்லூரி விடுதியில் நான்கு வருடம், நான் உள்ளே வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் இருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் 'கோழி' என்ற சொல்லை என் வாயால் சொல்வதா? மாட்டேன்!

கண்காட்சியில் ஒருவர் புள்ளிகளைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "எல்லையில் கொஞ்ச காலம் மட்டும் அடித்த அவசர வண்ணம்" என்றேன். கேட்டவர் போட்டோ எடுத்துக்கொண்டார். அங்கேயே முடிந்திருக்கலாம்...

பின்னால் நின்ற பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். காதர் பாய். சேலத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் விமானப்படையில் பெயிண்டர்.

"பதினஞ்சு வருஷம் இதே பிளேனுக்குத்தாம்மா பெயிண்ட் அடிச்சேன். இப்படிப் புள்ளி நான் பாத்ததில்லையே?"

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அவர் சிரித்திருப்பார். எனக்கு ஒரு டீகூட வாங்கிக் கொடுத்திருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உங்களுக்கு மறந்திருக்கும் பாய். இங்கிலீஷ் புத்தகத்துல தெளிவா இருக்குங்க."

அவர் முகம் சுருங்கியது. "படிச்ச பிள்ளை சொல்றீங்க... மறந்துதான் போச்சு போல."

அன்று எனக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்!

இரண்டு மாதம் பொறுத்தேன். சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் பொய், நன்றாகவே இறங்கியது. ஆனால் பச்சை டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சுருங்கிய முகம் வந்து நின்றது. ஒரு சனிக்கிழமை, சொல்லிவிடுவது என்று பஸ் ஏறி அவர் கடைக்குப் போனேன்.

கல்லாவில் அவர் மகன். கண்காட்சியில் புள்ளி விமானம் வைத்தவள் என்று சொன்னதும் எழுந்தே விட்டார்.

"நீங்கதானா அது! புள்ளி மறந்து போச்சேன்னு அத்தா சரியாவே சாப்பிடலீங்க. புத்தி தடுமாறுதோன்னு பயந்து டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போனேன். இப்பத்தான் தெளிஞ்சிருக்கார்."

டாக்டரிடமா! என் கோழிக்காகவா!

உள்ளேயிருந்து பாய் வந்தார். கையில் அவரே தகரத்தில் செய்த விமானம், முப்பது வருடமாகக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது. அதன் இடது இறக்கையில், தீக்குச்சி முனையால் புதிதாக வைத்த பதினொரு பச்சைப் புள்ளிகள்.

"ஞாபகம் வந்துருச்சும்மா! மீசைக்கார ஆபீசர் ஒருத்தர் அடிக்கச் சொன்னார். வெயில்ல தகரம் கொதிக்குது, நான் ஏறி நின்னு என் கையாலதான் வெச்சேன். எப்படி மறந்தேன் பாருங்க!"

"பாய்... அது வந்துங்க..."

"சொல்லும்மா."

மகன் என்னைப் பார்த்தார். பாயின் முகத்தில் சுருக்கமே இல்லை.

"ஒண்ணுமில்லைங்க பாய். நல்லா வந்திருக்குங்க."

அவர் மேசையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். "பேரன் ஸ்கூல்ல இதைக் கொண்டுவந்து பேசச் சொல்லிருக்காங்க. பக்கத்துல வைக்க, இந்தப் புள்ளி விஷயத்தை இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதிக் குடுங்க. நான் எழுதினா யார் நம்புவா?"

மறுத்திருக்க வேண்டும். பேனாவை வாங்கிக்கொண்டேன். இரண்டு வரி கேட்டார், நான்கு வரி எழுதினேன். மீசைக்கார ஆபீசரையும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அட்டையை என்னிடமே திருப்பினார்.

"கீழ உங்க பேரையும் பட்டத்தையும் போட்டுருங்கம்மா. அப்பத்தான் எடுபடும்."

போட்டேன். பி.இ. என்பதைக் கொஞ்சம் பெரிதாகவே.