முப்பத்தொன்றாம் தேதி யாருடையது

ஜமீலா இறந்துவிட்ட செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தேன். காய்ச்சல் என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்தவள். ‘எந்த ஜமீலா?’ என்று தட்டச்சு செய்து, பிறகு அழித்தேன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஜமீலாதான்.

இரத்தப் பரிசோதனைக் கூடங்களின் முடிவுகளைச் சேமிப்பது எங்கள் வேலை. எல்லா முடிவுகளும் ஒரே தரவு அட்டவணையில், எங்கள் பேச்சில் ஒரே டேபிளில், இருந்தன; அது பெருத்து, ஒரு முடிவைத் தேடவே நிமிடங்கள் ஆயின. மாதத்துக்கு ஒன்றாக அதைப் பிரித்தவள் ஜமீலா. ஜூன் முடிவு வேண்டுமென்றால் ஜூன் பகுதியை மட்டும் திறந்தால் போதும். எதிலும் சேராத பதிவுகளுக்குத் தனிப் பகுதி வேண்டாமா என்று கேட்டேன். “அப்படி ஒரு மூலை வெச்சா, தப்பு நடந்ததே தெரியாதுடி” என்றாள்.

அக்டோபர் பகுதியை உருவாக்கியது நான். ‘ஒன்று முதல் முப்பத்தொன்று வரை’ என்று எழுதினேன். கடைசி எல்லையாகத் தரும் நாள் அந்தப் பகுதியில் சேராது. நவம்பர் ஒன்று என்று தந்திருக்க வேண்டும். முப்பத்தொன்றாம் தேதிக்கு எந்தப் பகுதியும் இல்லாததால், அன்று காலை எந்தக் கூடத்திலும் ஒரு முடிவும் பதிவாகவில்லை. அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியவர்கள் காத்து நின்றார்கள்.

“யாரு போட்டது இது?” என்றார் மேலாளர்.

“நான்தான் சார்” என்றாள் ஜமீலா, நான் வாய் திறப்பதற்குள். எல்லையைத் திருத்திவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அவளுக்கு வரவிருந்த குழுத் தலைமை வேறொருவருக்குப் போனது.

பிறகு, உங்களுக்கே தெரியும், அவள் பெயரே ‘முப்பத்தொண்ணு’ ஆகிவிட்டது.

“என்ன முப்பத்தொண்ணு, இந்த மாசம் எத்தன நாளு?” என்பான் யாராவது ஒருவன்.

“அரகொறை பிப்ரவரி, ஒனக்கு எதுக்குடா அதெல்லாம்!” என்று திருப்பிக் கொடுப்பாள்.

மேலாளரிடம் ஏன் ‘நான்தான்’ என்று சொன்னாள் என்று அவளிடமே இருமுறை கேட்டிருக்கிறேன். “சும்மா, வாயில வந்துடுச்சு” என்றாள் முதலில். “ஒன் மூஞ்சியப் பாத்தேன், பயமாயிடுச்சு” என்றாள் அடுத்த முறை. எது உண்மை? இரண்டும் இல்லையோ? அவள் இறந்த செய்தி கேட்டுப் போய், பாலக்கரையில் அவள் வீட்டு வாசலில் நின்றபோதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அழ வேண்டிய நேரத்தில் இது என்ன யோசனை என்றும் புரியவில்லை.

மேலாளரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ நாள்கள் இருந்தன. நான் சொல்லவில்லை.

அவளை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன்: அந்தத் தவறு என்னுடையது. அவளை இனி அந்தப் பெயரால் நினைக்காதீர்கள். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.