அம்மன் மலையேறிய பிறகு

"அக்கா, பம்பைக்காரர் பூட்டாரு" என்று என் தம்பி சேகர்தான் வந்து சொன்னான். தறியில் இருந்தேன். எழவுமில்லை, அழவுமில்லை. "எப்போ எடுக்கறாங்களாம்?" என்று மட்டும் கேட்டேன்.

கன்னியப்பனின் பம்பை மேளம் இல்லாமல் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு ஆடிக் கூழ் ஊற்றியதில்லை. அவர் நினைவு மலரைப் படிக்கும் உங்களுக்கும் அது தெரியும். அடிப்பதற்கு முன் சாமியாடுகிறவரிடம் அவர் தணிந்த குரலில் கேட்பது எத்தனை பேருக்குத் தெரியும்? "ஆடறியாம்மா? வேணான்னா சொல்லிடு, தாளத்த மாத்திக்கிறேன்." கூட வாசிப்பவர்கள் கிண்டல் செய்வார்கள்: "இன்னாய்யா, சாமிகிட்ட பர்மிஷனா?" "சாமிகிட்ட இல்லப்பா, ஆள்கிட்ட" என்பார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடியில் நான் ஆடுகிறேன் என்றேன். அம்மன் வந்தாள், அது பொய்யில்லை. உடம்பு என் வசத்தில் இல்லை. அப்போது சேகர் கைகூப்பி நின்று, தான் விரும்பிய பெண்ணைக் கட்டலாமா என்று வாக்குக் கேட்டான். சட்டென்று எனக்குத் தெளிந்துவிட்டது. அவன் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததுகூடத் தெரிந்தது. இவன் தனிக்குடித்தனம் போய்விட்டால் நம் தறியில் யார் உட்காருவது என்ற பயம். கண்ணை உருட்டிக்கொண்டே சொன்னேன்: "வேணாண்டா, குடி விளங்காது." பம்பை ஒரு அடி தவறியது. தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மறுநாள் கன்னியப்பன் வீட்டுக்கு வந்தார். "அம்மன் மலையேறினப்புறம் பேசினது நீ. எதிர்ல நின்னு அடிச்சிக்கினு இருந்தவன், எனக்குத் தெரியாதா? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். வர்றதும் போறதும் அவ இஷ்டம். வாய் உன்னுதும்மா."

சீ, என்ன ஜென்மம் நான்! தலையாட்டினேன், தம்பியிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் முசரவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டாள். சேகர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் கன்னியப்பன் என்னிடமும் வந்து, "ஆடறியாம்மா?" என்பார். "வேணாண்ணா" என்பேன். நகர்ந்துவிடுவார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. போனால் போகிறது என்றும் ஒருநாளும் சொல்லவில்லை.

அவர் இறந்த சேதி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. இனி இது தெரிந்தவர் யாருமில்லை என்ற நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நானாகச் சொல்லட்டும் என்று அவர் என்னிடம் விட்டுவைத்தது ஒன்றுதான் அவர் ஞாபகமாக எனக்கு மிச்சம். இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் சேகரிடம் சொன்னேன்.

தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்திக் கையில் எடுத்துக்கொண்டான்.

"அப்போ அம்மன் வேணான்னு சொல்லவே இல்லியாக்கா?"

"இல்லடா. நான்தான்."