கரண்டி அண்ணாச்சி

கெட்டிலில் கொதித்த தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, பிளாஸ்டிக் குழாய்த் துண்டை இடுக்கியால் அதற்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்க்காவலன் எண்ணத் தொடங்குவார். நூறைத் தாண்டும்போது குழாய் இளகிவிடும். துணியால் பொதிந்து எடுத்து, வேண்டிய மாதிரி வளைத்து, பச்சைத் தண்ணீரில் முக்கினால் வளைந்தபடியே நின்றுவிடும். அடுப்பில் காட்டினால் அரை நிமிட வேலைதான். "தீ வேண்டாம்ங்க, வெந்நி போதும்" என்று ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வார். ஏன் என்று சொல்ல மாட்டார்.

முகத்தையும் காட்ட மாட்டார். கைபேசியை அரிசி நிரப்பிய டம்ளரில் நட்டுவைத்திருப்பார். அதில் தெரிவது ஒரு பலகையும் இரண்டு கைகளும்தான். "எல்லாருக்கும் வணக்கம்ங்க. இன்னைக்கு ஒரு சீப்பு." முன்னுரை அவ்வளவுதான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தோடு இருபத்தாறு வருடமாக நிற்கிறவர். காலண்டர் சீசனில் ஒரு நூல் பிசகினாலும் சாமி படத்தில் கால்விரல் போய்விடும். அவர் வெட்டி எந்தச் சாமிக்கும் விரல் போனதில்லை.

முகநூலில் 'நாமே செய்வோம்' என்றொரு குழு. நாற்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். பழைய சேலையில் மிதியடி, சிரட்டையில் விளக்கு, பாட்டிலில் செடி என்று தினமும் யாராவது எதையாவது செய்து போடுவார்கள். அதற்கு நடுவில் இவர் போடுவது விநோதமாக இருக்கும். மணிக்கட்டில் வார் போட்டுக் கட்டிக்கொள்கிற கரண்டி. ஒரு முழக் காம்புள்ள சீப்பு. முழங்கையால் தள்ளித் திறக்கிற தாழ்ப்பாள். 'சோம்பேறிகளுக்கான கரண்டியா அண்ணாச்சி?' என்று ஒருவர் கேட்டார். எழுபது பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்குக் 'கரண்டி அண்ணாச்சி' என்றே பெயர். அவர் கோபப்படவில்லை. கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார்.

அன்று அந்த எழுபது பேரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவர் மனைவி வேலுத்தாய். மடங்கிய விரலின் முட்டியால் திரையைத் தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் வாசித்தாள். "எழுதிப் போடுங்க. ஆமா, எங்க வீட்ல ஒரு சோம்பேறி இருக்காள்னு."

நாலு வருடத்துக்கு முன் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவள் தரைச்சக்கரத்துக்கு வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். மாசி மாதம், நல்ல வெயில் நேரம். எங்கோ ஓர் உராய்வு. அந்த அறையில் இருந்த மூன்று பேரில் உயிரோடு வெளியே வந்தவள் அவள் ஒருத்திதான். மறைக்கத் தூக்கிய கைகள் முகத்தைக் காப்பாற்றிவிட்டன. கைகளைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை. ஐந்து மாதம் ஆஸ்பத்திரி. தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். புண் ஆறியது. ஆறும்போதே விரல்கள் உள்ளங்கையைப் பார்த்துச் சுருண்டு, அப்படியே நின்றுவிட்டன. புகை குடித்த நெஞ்சும் அதற்குப் பிறகு சரியாகவில்லை.

வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில், ஊட்டப்போன கவளத்தை அவள் முகத்தைத் திருப்பி மறுத்தாள். "போதும்ங்க. ஒரு வாய் சோறு நானா அள்ளித் திங்கணும்."

கரண்டி அப்படிப் பிறந்ததுதான். வளைத்த குழாயைக் காம்பாக்கி, சைக்கிள் டியூபை வெட்டி வார் போட்டார். புதுத்தோலில் அது உரசிக் கொப்புளம் வைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் குழுவில் கேட்டார். அவருடைய முதல் பதிவே ஒரு கேள்விதான். சாயங்காலத்துக்குள் முப்பது பேர் பதில் சொன்னார்கள். குழுவை நடத்துகிற விருதுநகர் சுகிர்தா, பழைய பனியன் துணியை நாலாக மடித்து வாருக்கு அடியில் தைக்கச் சொல்லியிருந்தார். அது பலித்தது. முதல்நாள் பாதிச் சோறு தரையில் சிந்தியது. அவர் குனிந்து எடுக்கவில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யாருக்காகச் செய்கிறோம் என்பதை மட்டும் அவர் எழுதவே இல்லை. "பாவம்னு நினைச்சு லைக் போட்டா, அது கரண்டிக்கு விழுந்ததா ஆகாதுல்ல" என்பார் அவளிடம். ரவிக்கைக் கொக்கிகளை எடுத்துவிட்டுக் காந்தப் பொத்தான் தைத்தபோது, தான் செய்ததிலேயே அதுதான் நேர்த்தி என்று அவருக்குப் பெருமை. கைபேசியை எடுத்தவரை அவள் தடுத்துவிட்டாள். "அத மட்டும் போடாதீக. அது எனக்கும் உங்களுக்கும்."

போன புரட்டாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மூச்சு நின்றுவிட்டது.

இரண்டு மாதம் அவர் குழுவின் பக்கமே போகவில்லை. 'அண்ணாச்சியைக் காணோமே, அவரும் சோம்பேறி ஆயிட்டாரா?' என்று யாரோ எழுதினார்கள். வேடிக்கையாகத்தான் எழுதினார்கள். சுகிர்தா மட்டும் மனசு கேட்காமல் போனில் அழைத்தார்.

"நல்லா இருக்கீகளா அண்ணாச்சி?"

"வீட்ல தவறிட்டாகங்க."

சுகிர்தா மெதுவாகக் கேட்டார். "அந்தச் சாமானெல்லாம்... அவுகளுக்குச் செஞ்சதா?"

"ஆமாங்க." அந்த ஒரு வார்த்தையை அவர் நாலு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

சுகிர்தா அதைக் குழுவில் எழுதவில்லை. ஆனால் தாயில்பட்டியிலிருந்து அண்ணாச்சிக்கென்று தனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருந்த ஒரு பெண்ணை அவரிடம் சேர்த்துவிட்டார். பெயர் செல்வலட்சுமி. 'அண்ணே, உங்க வீடியோல்லாம் பாத்திருக்கேன். சோம்பேறிகளுக்குன்னு நெனச்சுத் தள்ளிவிட்டுப் போயிருவேன். வெரலு ஒட்டிப் போனவுகளுக்கு இந்தக் கரண்டி ஆகுமா? எனக்குத்தான் கேக்கேன்.' அவ்வளவுதான் செய்தி.

ஊர்க்காவலன் அதைப் பலமுறை வாசித்தார். இத்தனை நாளும் அந்தப் பெண் அதைப் பார்த்திருக்கிறாள். தனக்கானது என்று தெரியாமல் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள். தான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த நினைப்பு அவரை இரண்டு நாள் வேலையில் நிற்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலுத்தாயின் கரண்டி அளவிலேயே புதிதாக ஒன்று செய்தார். அதை எப்படிக் கட்டிக்கொள்வது என்று காட்ட வேண்டும். நீட்டி மடக்க முடிகிற கையில் காட்டி என்ன பயன்? கிழிந்த வேட்டியிலிருந்து நாடா கிழித்துத் தன் வலதுகை விரல்களைக் கட்டத் தொடங்கினார். சுண்டுவிரல் முழுக்க உள்ளே. மோதிரவிரல் அதன்மேல் கொஞ்சம் ஏறி. நடுவிரல் பாதி. கட்டைவிரல் பக்கவாட்டில் படுத்து. அளவு பார்க்கவே இல்லை. அந்தக் கை அவருக்கு மனப்பாடம்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க வீட்ல கை இப்படித்தாங்க இருந்துச்சு. இது மாதிரி கை உள்ளவுகளுக்குத்தான் இந்தக் கரண்டி." வாரை இடதுகையாலும் பல்லாலும் இழுத்து மாட்டினார். தட்டில் உண்மையாகவே சோறும் பருப்பும் இருந்தன. ஒரு வாய் அள்ளினார். இரண்டாவது வாய். மூன்றாவதற்குக் கை தானாக நின்றது.

கட்டைவிரலின் அடியில் சுருக்கென்றது. குழாயின் விளிம்பு. விரல் நீட்டிய கையில் அந்த இடம் படாது. அவர் எத்தனையோ தடவை மாட்டிப் பார்த்திருக்கிறார், பட்டதே இல்லை. மடங்கிய கையில் ஒவ்வொரு வாய்க்கும் அது போய்க் குத்தும். தோலில் அதற்குள் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

"இத்தனை வருசமா சொல்லவே இல்லியே, தாயி" என்றார்.

வீடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை. கட்டையும் அவிழ்க்கவில்லை. இடதுகையை நீட்டிப் பலகை ஓரத்தில் கிடந்த உப்புத்தாளை எடுத்து, வலதுகையில் மாட்டியபடியே இருந்த கரண்டியின் விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார்.