உயிரோடிருப்பவருக்கு ஒரு மாலை

போன ஞாயிறு கிளிநொச்சியில் ஒரு வாசிகசாலையில் நினைவுக்கூட்டம். நினைவுகூரப்பட்டவர் நம்மூர்க்காரர் இல்லை, நிலாவில் முதலில் கால் வைத்த மனிதர். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்று பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சந்திரனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் மைக்கைக் கண்டால் விட முடியுமா...

நினைவுக்கூட்டம் என்றால் நம் ஆட்களுக்கு ஒரே முறைதான். வெள்ளை விரித்த மேசை, படம், குத்துவிளக்கு, மாலை. நிலவு மண்ணில் வெள்ளை உடுப்போடு நிற்கும் அந்தப் பிரபலமான படத்தை இன்டர்நெட்டில் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டிருந்தார்கள்.

மாலை போட்டவர் தவமணி ரீச்சர். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர். யுத்தத்தின் கடைசி மாதங்களில் வெளியே போன அவருடைய மகன் வீடு திரும்பவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கனடாவில் இருக்கும் மகள் இந்த மாதம் வருகிறாள் — தம்பியின் படத்துக்கு மாலை போட்டு, செய்ய வேண்டிய கிரியைகளைச் செய்துவிட வேண்டுமாம். ரீச்சர் சம்மதிக்கவில்லை. மாலை விழுந்தால் பிள்ளை இல்லை என்று தாயே ஒப்புக்கொண்டதாகிவிடாதா?

இதெல்லாம் தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. சுவாரசியத்துக்காக ஒன்றை எடுத்துவிட்டேன். படத்தில் நிற்பவர் முதலாமவரே இல்லை, அவருக்குப் பின்னால் இறங்கியவர். முதலாமவர் கமெராவோடு எதிரே நின்றார். உற்றுப் பார்த்தால், தலைக்கவசக் கண்ணாடிக்குள் சின்னதாகத் தெரிவார். நாங்கள் மாலை போட்டிருப்பவரோ இன்னும் உயிரோடு இருக்கிறார் என்றேன்.

சபை சிரித்தது. நானும் சிரித்தேன்.

ரீச்சர் மட்டும் எழுந்து வந்தார். மாலையைக் கழற்றினார்.

"இருக்கிற ஆளுக்கு மாலை போட வைச்சிட்டியளே," என்றார்.

அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. அமெரிக்காவில் இருப்பவருக்கு இது தெரியவா போகிறது என்று கூட்டத் தலைவர் சமாளித்துப் பார்த்தார். கூட்டத்தைச் சீக்கிரமே முடித்துக்கொண்டோம்.

மோட்டார் சைக்கிளில் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். எறிய மனமில்லாமல் மாலையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். கேற்றடியில் நின்றே, திறந்திருந்த யன்னல் வழியாக முன் அறைச் சுவரில் மகனின் படத்தைப் பார்த்தேன். இருபது வயதுச் சிரிப்பு. மாலை இல்லை, விளக்கு இல்லை.

"இதை உள்ளுக்குக் கொண்டுபோக மாட்டன். நீங்கள் வைச்சிருங்கோ, தம்பி."

மாலையை வாங்கிக்கொண்டேன். மகளுக்கும் ஓர் ஆறுதல் வேண்டாமா ரீச்சர் என்று மெல்லக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவர் கேற்றைத் திறந்தபடியே சொன்னார்.

"சந்திரனுக்குப் போனவையே திரும்பி வந்திட்டினம், தம்பி. இவன் இங்கை பக்கத்தில புதுக்குடியிருப்புக்குத்தானே போனவன்."

பத்தி எழுதுகிறவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். என் கையில் மாலைதான் இருந்தது.